நிற்கக் கூடாத கூழ்

சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், வருகிறவர் முதலில் கேட்பது இதுதான்: "உள்ளே என்ன போட்டீங்க?" வடித்த கஞ்சியா, எண்ணெய்ப் பிசுக்கா, தேங்காய் நாரா என்று தெரிந்தால்தான் சுடுதண்ணீர் ஊற்றுவதா, கம்பி விடுவதா, பைப்பையே கழற்றுவதா என்று அவர் முடிவெடுக்க முடியும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றோரம் இருக்கிற ஹான்ஃபோர்டில் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல ஆளில்லை. அங்கே மண்ணுக்கடியில் 177 தொட்டிகள் புதைந்திருக்கின்றன. பெரும்பாலானவை 75 அடி விட்டம் கொண்டவை. ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபம் உள்ளே அடங்கும். எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு கிடக்கிறது. மேலே தெளிந்த உப்புநீர், நடுவே ஈரச் சர்க்கரை மாதிரி இறுகிய உப்பு, அடியில் சேறு. இதைக் கலக்கி, கூழாக்கி, பைப் வழியாக வேறிடத்துக்கு அனுப்பிக் கண்ணாடியாக உருக்கி வைக்க வேண்டும். திட்டத்தைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. பைப்பில்தான் சிக்கல்.

இந்தக் கூழ் வந்த கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் சிக்கல் பிடிபடும். 1943-ல், போர்க்கால ரகசியமாக ஹான்ஃபோர்டு எழுந்தது. நாகசாகியில் விழுந்த குண்டின் புளூட்டோனியம் இங்கே தயாரானதுதான். அணுஉலையில் வெந்த யுரேனியத் தண்டுகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் இருக்கும் துளிப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சியது கடும் அமிலம். அமிலத்தைத் தாங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வேண்டும். போர்க்காலத்தில் அவ்வளவு ஸ்டீலுக்கு எங்கே போவது? சாதாரண இரும்புத் தகட்டில் தொட்டி கட்டி, தகடு அரிக்காமலிருக்கக் கழிவில் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் காரமாக்கினார்கள். அமிலத்தில் கரைந்து கிடந்த இரும்பு, அலுமினியம், யுரேனியம், ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் காரம் பட்டதும் திரிந்து அடியில் படிந்தன. அன்றைக்கு ஸ்டீல் மிச்சம். இன்றைக்கு அதுதான் சேறு.

அதோடு நிற்கவில்லை. பிரித்தெடுக்கும் முறையையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பயன்பட்டது பிஸ்மத் பாஸ்பேட் முறை. பிறகு வேறு கரைப்பான்கள் வந்தன. ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு கழிவு. தொட்டி நிறைந்தால் பக்கத்துத் தொட்டிக்கு வழியவிட்டார்கள். இடம் போதாவிட்டால் சுண்டக் காய்ச்சினார்கள். பல பத்தாண்டு மீந்த குழம்பை ஒரே சட்டியில் ஊற்றிவைத்த மாதிரிதான். உள்ளே இருப்பதை அறிய, மேலிருந்து ஓரங்குலக் குழாயை இறக்கி, 19 அங்குல நீளத் துண்டுதுண்டாகச் சேற்றை உருவி எடுத்துப் பார்க்கிறார்கள். 75 அடி அகலத் தொட்டியில் ஓரங்குலத் துளை. கிடங்கு நெல்லை ஒரே இடத்தில் குத்தூசி போட்டு எடைபோடுவது மாதிரி.

கூழைப் பைப்பில் அனுப்புவது புது வித்தையில்லை. கர்நாடகத்தின் குதிரேமுக்கிலிருந்து மங்களூர்த் துறைமுகம் வரை 67 கிலோமீட்டருக்கு இரும்புத் தாதைக் கூழாக்கிப் பைப்பில் அனுப்பினார்கள். ஆனால் அங்கே தாதைப் பைப்புக்கேற்ற பருமனில் அரைத்தார்கள். தண்ணீரையும் அளந்து கலந்தார்கள். கூழைப் பைப்புக்காகவே தயாரித்தார்கள் என்று சொல்லலாம். ஹான்ஃபோர்டில் கூழ் ஏற்கெனவே இருக்கிறது, யார் பேச்சையும் கேட்டு உண்டானதில்லை. பைப்தான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய பயம், பைப் வெடித்துக் கொட்டிவிடும் என்பதுதான். பொறியாளர்களை அதைவிட அலைக்கழிப்பது அடைப்பு. ஓடிக்கொண்டிருக்கும்வரை கூழ் சொன்ன பேச்சைக் கேட்கும். நின்றுவிட்டால் இறுகும். இறுகியது சாதாரணச் சாக்கடைப் பைப்பில் என்றால் ஓர் ஆள் ரெஞ்சோடு இறங்கிக் கழற்றிவிடுவார். இங்கே பைப்புக்குள் சீசியம்-137 கிடந்து காமா கதிரை வீசிக்கொண்டிருக்கும். அது பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். பைப்பின் பக்கத்தில் ஆள் நிற்கவே நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். போதாததற்கு, நின்ற கூழில் இருக்கும் தண்ணீரைக் கதிர்கள் பிளந்து ஹைட்ரஜனை வேறு உண்டாக்கும். மூடிய பைப்புக்குள் ஹைட்ரஜன் குமிழ் சேர்வதை யாரும் விரும்புவதில்லை.

அடைப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று படிவதால், இன்னொன்று உறைவதால்.

படிவதை விளங்கிக்கொள்ள, அரிசி அரிப்பதை நினைத்தால் போதும். கல் அரிக்கிறவர் பாத்திரத்தை ஒரு பதத்தில் சுழற்றுவார். அந்தச் சுழற்சியில் அரிசி தண்ணீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அடியிலேயே தங்கும். வேகம் குறைந்தால் அரிசியும் தங்கிவிடும். பைப்பிலும் அதுதான் நடக்கிறது. ஓட்டம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால், துகள்களைத் தூக்கிச் செல்லும் கொந்தளிப்பு தளர்ந்து, கனமானவை பைப்பின் அடியில் உட்கார ஆரம்பிக்கும். ஹான்ஃபோர்டுக் கூழில் பெரும்பாலான துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மாவுப் பொடி. அவற்றை அடித்துக்கொண்டு போய்விடலாம். நடுவே சில, அரிசியில் கிடக்கும் கல் மாதிரி. புளூட்டோனியம் ஆக்சைடு தண்ணீரைவிடப் பதினொரு மடங்குக்கு மேல் கனம். அது ஒரே இடத்தில் சேரவே கூடாது என்பதற்குப் பைப் அடைப்பைவிடப் பெரிய காரணம் உண்டு. போதிய அளவு ஒன்றாகச் சேர்ந்தால் அணுப்பிளவுத் தொடர்வினையே தொடங்கிவிடலாம்.

எனவே வேகத்துக்கு ஒரு தரைவரம்பு வைக்கிறார்கள். கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலைக்கான வடிவமைப்பு விதி, கணக்கில் வரும் படிவு வேகத்தைவிட 30 சதவீதம் கூடுதலாக ஓட்டு என்கிறது. மூன்று அங்குல பைப்பில் இது நடைமுறையில் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வரும். வேக நடை நடப்பவரின் வேகம்தான். நொடிக்கு எட்டொன்பது லிட்டர் போகும், ஒரு 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நிரப்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்னும் வேகமாக அடித்தால் என்ன என்று கேட்கலாம். அடிக்கலாம், துகள்கள் பைப் வளைவுகளை உள்ளிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும். பம்பு தரவேண்டிய அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். மாற்ற முடியாத பைப்பை யாரும் தேய்க்க விரும்பமாட்டார்கள்.

கூழ் கெட்டியாக இருந்தால் கணக்கே வேறு. இட்லி மாவுப் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக இருந்தால் சாய்த்த கணமே ஓடும். மாவு கொஞ்ச நேரம் அசையாமல் யோசிக்கும். இன்னும் சாய்த்தால் சட்டென்று மொத்தமாகச் சரியும். அசைவதற்கு முன்னால் அது கேட்கும் அந்தக் குறைந்தபட்சத் தள்ளுக்கு அளவு உண்டு. ஆலையின் வடிவமைப்பில் 30 பாஸ்கல் என்று அதற்கு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். கரண்ட் போய் பம்பு நின்றால், பைப் முழுக்க இருக்கும் மாவை மறுபடி அசைக்க அந்தத் தள்ளு மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தாக வேண்டும். நேரம் போகப்போக மாவும் இறுகும், கேட்கும் தள்ளும் கூடும்.

இரண்டாவது வழி உறைவது. வேதியியல் தெரிந்தவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பம்பு ஓட்டுகிறவர்களுக்குத்தான் பிடிக்காது. முதல் காலத்துப் பிஸ்மத் பாஸ்பேட் முறை விட்டுப்போன பாஸ்பேட், கழிவிலுள்ள சோடியத்தோடு சேர்ந்து சோடியம் பாஸ்பேட்டாகக் கரைந்து கிடக்கிறது. சூடாக இருக்கும்வரை தொந்தரவில்லை. தொட்டியைவிட்டுக் கிளம்பிய கரைசல், குளிர்ந்த மண்ணில் புதைந்த பைப்பில் ஆறத் தொடங்கியதும் ஊசிஊசியாகப் படிகம் கட்டும். இந்தப் படிகத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் பன்னிரண்டு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதாவது உப்பு பிரிவதோடு முடியவில்லை. அதைக் கரைத்து வைத்திருந்த தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன் தண்ணீராக ஓடிய திரவம், ஊசிகள் பின்னிய வைக்கோற்போர் மாதிரி நிற்கும். துகளே இல்லாத தெளிந்த திரவம்கூட இப்படி அடைத்துக்கொள்ளும் என்பதுதான் இதில் வஞ்சகம். பழைய தொட்டிகளிலிருந்து உப்புநீரை இறைத்த காலத்தில் சில பைப்புகள் இந்தப் பாஸ்பேட்டாலேயே அடைத்தன.

தண்ணீர் கூடக் கலந்து நீர்க்கச் செய்தால் தீராதா? பல சமயம் தீரும். எல்லாச் சமயமும் இல்லை. கழிவில் அலுமினியம் ஏராளம். காரம் கடுமையாக இருக்கும்வரைதான் அது அதில் கரைந்திருக்கும். நல்ல எண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினால் காரம் தளர்ந்து, அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரிந்துவிடும். கலங்கிய தண்ணீரில் படிகாரம் போட்டால் பஞ்சுபஞ்சாகத் திரிந்து இறங்குமே, அதே பொருள். குடத்தில் அது தண்ணீரைத் தெளியவைக்கும். பைப்பில் களியாகும். அதனால் பைப்பை அலசும் தண்ணீரிலேயே அளவாகக் காஸ்டிக் கலந்து அனுப்புகிற வழக்கம் உண்டு. எந்தத் தொட்டிக் கழிவை எந்தத் தொட்டிக் கழிவோடு சேர்க்கலாம் என்பதற்கும், கல்யாணப் பொருத்தம் பார்ப்பது போல, அனுப்புவதற்கு முன் மாதிரி எடுத்து, கணினியில் கணக்குப் போட்டு, எழுத்தில் பொருத்தம் பார்க்கிறார்கள். நட்சத்திரப் பொருத்தத்தைவிட இது நம்பகமானது, ஆனாலும் ஓரங்குலத் துளை வழியாக எடுத்த மாதிரியை நம்பிப் போட்ட கணக்குத்தான்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பைப்பைப் பார்த்தால், ஒவ்வொரு அங்கமும் எதற்கு என்று புரியும். மூன்று அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், ஆறங்குல இரும்பு பைப்புக்குள் போகிறது. உள்பைப் ஒழுகினால் வெளிப்பைப் ஏந்திக்கொள்ளும். மண்ணுக்கடியில் புதைத்திருப்பதால் மண்ணே கதிருக்குத் தடுப்பு. பைப்பை மட்டமாகப் போடாமல் வாட்டம் வைத்துப் போட்டிருக்கிறார்கள். பம்பு நின்றாலும் முடிந்தவரை தானே வடிந்து ஏதாவதொரு தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆங்காங்கே கான்கிரீட் குழிகள் உண்டு, பெரிய கான்கிரீட் பாளங்களால் மூடியவை. குழிக்குள் ஒரு பைப்பின் வாயையும் இன்னொன்றின் வாயையும் இணைக்க, வளைந்த பைப் துண்டு ஒன்று இருக்கும். அதற்கு அங்கே ஜம்பர் என்று பெயர். வழியை மாற்ற வேண்டுமானால் பாளத்தைக் கிரேனால் தூக்கி, கிரேனாலேயே ஜம்பரைக் கழற்றி, வேறு ஜம்பரை உட்கார வைப்பார்கள். கை படாமல் பிளம்பிங் செய்வது என்பது இதுதான். வெளிப்பைப்பில் ஒழுகியது வாட்டத்தில் வடிந்து இந்தக் குழிக்கு வரும். அங்கிருக்கும் உணர்கருவி ஈரம் பட்டதும் பம்பை நிறுத்தும்.

இதில் ஓர் இக்கட்டு இருப்பது கவனத்துக்கு வந்திருக்கும். கசிவுக்காகப் பம்பை நிறுத்தினால் கூழும் நிற்கும். ஹான்ஃபோர்டின் மேற்கு, கிழக்குப் பகுதிகளை இணைக்கும் பைப் சுமார் 10 கிலோமீட்டர் நீளம். முன்னே சொன்ன வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், ஒரு முனையில் புகுந்த கூழ் மறுமுனைக்கு வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஓடும்போது எந்தக் கணத்திலும் கிட்டத்தட்ட 48 ஆயிரம் லிட்டர், நாலு லாரிக் கழிவு, பைப்புக்குள்ளேயே இருக்கும். அதனால் ஓட்டுவதற்கு முன்பே நின்றால் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட வேண்டும்: எங்கிருந்து அலசு தண்ணீர், எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்துக்குள், எந்தத் தொட்டிக்கு. அனுப்புவதற்கு முன் வெந்நீர் விட்டுப் பைப்பைச் சூடாக்குவார்கள். அனுப்பி முடித்ததும் மறுபடி அலசுவார்கள். பாயசம் காய்ச்சிய பாத்திரத்தை ஆறவிடாமல் உடனே கழுவுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவ்வளவு ஏற்பாட்டிலும் சந்து இருக்கத்தான் செய்தது. 2007 ஜூலை 27 அதிகாலை, இரண்டு மணி சுமார். எஸ்-102 என்ற பழைய தொட்டியிலிருந்து கழிவை இறைத்துக்கொண்டிருந்தார்கள். பம்பு திணறியது; அடைத்துக்கொண்டது. அடைப்பை நீக்கப் பம்பைத் தலைகீழாகச் சுழற்றினார்கள். மிக்ஸி மாட்டிக்கொண்டால் நாமும் திருப்பிச் சுற்றித்தானே பார்ப்போம். பம்பின் வாய்க்கு, கழிவை நீர்க்கச் செய்வதற்காக, மேலிருந்து ஒரு தண்ணீர் ஹோஸ் வந்துகொண்டிருந்தது. தலைகீழாகச் சுழன்ற பம்பு, கழிவை அந்தத் தண்ணீர் ஹோஸுக்குள் தள்ளியது. தண்ணீருக்கான ஹோஸ்தானே என்று அதற்கு இரட்டைச் சுவர் இல்லை. திருப்பி வருவதைத் தடுக்கும் வால்வும் இல்லை. அழுத்தம் தாங்காமல் ஹோஸ் கிழிந்து கழிவு தரையில் கொட்டியது. 85 காலன், ஏறத்தாழ 320 லிட்டர். பதினாறு தண்ணீர் கேன்.

கழிவு போகும் வழிக்கு எத்தனையோ காவல் வைத்திருந்தார்கள். கழிவு அந்த வழியில் போகவில்லை. அடைப்பை எடுக்கப் போன கைதான் காவலில்லாத வழியைத் திறந்துவிட்டது. அன்றிரவே அங்கே கதிரளவு கூடியது தெரிந்தும், அது தரையில் கொட்டிய கழிவு என்று உறுதியாக விளங்குவதற்குள் விடிந்துவிட்டது. பணியாளர்கள் சிலர் நாற்றமடித்ததாகவும் உடம்புக்கு முடியவில்லை என்றும் சொன்னார்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறை 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

ஏன் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாது என்று கேட்பீர்கள். அனுப்பிய தொட்டியில் எவ்வளவு இறங்கியது, வாங்கிய தொட்டியில் எவ்வளவு ஏறியது என்று வரவு செலவு பார்ப்பது அங்கே அன்றாட நடைமுறைதான். ஆனால் 75 அடி விட்டத் தொட்டியில் ஓரங்குல மட்டம் என்றால் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். கொட்டிய 320 லிட்டர் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அடியில் மேடு பள்ளமாகச் சேறும், மேலே நீர் ஊற்றுவதும் இறைப்பதுமாக இருக்கும் தொட்டியில் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தேடுவது நடக்கிற காரியமில்லை.

அடைத்த பைப்பைத் திறக்கும் வித்தைகள் இதனாலேயே தனி ஆராய்ச்சியாகிவிட்டன. மயாமியிலுள்ள ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில், வெண்களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் குழைத்துப் பைப்புக்குள் பொய் அடைப்பு செய்து, அதை உடைத்துப் பார்க்கிறார்கள். ஒரு முறையில், அடைப்பின் இரு பக்கமும் இருக்கும் தண்ணீருக்கு முன்பின்னான கணங்களில் துடிப்பு கொடுத்து அதை ஆட்டி ஆட்டித் தளர்த்துகிறார்கள். ஆடும் பல்லை நாக்கால் தள்ளுவது போல. இன்னொன்று மண்புழு மாதிரி நெளிந்து பைப்புக்குள் ஊர்ந்துபோகும் கருவி. முன்பாதி பைப்பைப் பற்றிக்கொள்ள, பின்பாதி சுருங்கி வர, அடைப்பு வரை போய்த் தண்ணீரைப் பீய்ச்சும். பொதுவாக எல்லா முறைக்கும் ஒரே கட்டுப்பாடு: பைப் தாங்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. வேகமாகத் தள்ளுவது யாருக்கும் வரும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பைப்புக்குப் போகும் கூழ் ஒரே சீராக இல்லாவிட்டால் பைப்பில் போட்ட கணக்கெல்லாம் வீண். சீராகக் கலக்குவது தொட்டியில் நடக்க வேண்டிய வேலை. கண்ணாடி ஆலையின் தொட்டிகள் சில, ஆலையின் ஆயுள் முழுக்க ஆள் நுழைய முடியாத அறைகளில் இருக்கும். அங்கே சுழலும் உறுப்பு எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்று, திரவத்தை உறிஞ்சி உறிஞ்சிக் கொப்பளிக்கும் குழாய்களால் கலக்கும்படி வடிவமைத்தார்கள். கனமான துகள்களை இது உண்மையில் கிளப்பிவிடுமா என்று உள்ளிருந்தே பொறியாளர்கள் கேட்டார்கள். 2010 டிசம்பரில் அமெரிக்காவின் அணு ஆயுத வளாகங்களுக்கான பாதுகாப்பு வாரியம் இதே கேள்வியை அதிகாரபூர்வமாக எழுப்பியது. அந்தப் பகுதிகளின் கட்டுமானம் நின்றுபோனது. நின்றது சரி என்றே எனக்குப் படுகிறது. நுழைய முடியாத அறையில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பிறகு அவர்கள் எடுத்த வழி கெட்டிக்காரத்தனமானது, ஒரு விதத்தில் ஒப்புதல் வாக்குமூலமும்கூட. கூழை ஒதுக்கி வைத்துவிட்டு மேலே தெளிந்த உப்புநீரை முதலில் எடுத்தார்கள். 2022 முதல் தொட்டிக்குப் பக்கத்திலேயே அதை வடிகட்டித் துகளை நீக்கி, சீசியத்தையும் பிரித்து, சேமித்து வைத்தார்கள். 2025 அக்டோபரில் அந்த நீர் ஆலைக்குப் போய் முதல் கண்ணாடியானது. பைப்பில் இப்போது ஓடுவது படியாத நீர். ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். இருப்பதிலேயே சுளுவான பகுதி அது. ஸ்ட்ரான்ஷியமும் புளூட்டோனியமும் தங்கியிருக்கும் அடிச்சேறு தொட்டிகளில் அப்படியே கிடக்கிறது, அதைக் கண்ணாடியாக்கும் பகுதி 2030-களுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பழைய ஒற்றைச் சுவர்த் தொட்டிகள் 149. அவற்றில் 67 ஒழுகியவை என்று பட்டியலில் இருக்கின்றன.